மடித்துப் போட்ட தழை

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் டெய்லர் அழகேசன் ஏறி உட்கார்ந்தபோது, பெரம்பலூர் கடைத்தெருவில் இருந்த அவர் கடையில் வெட்டிப் போட்டுத் தைக்காத துணி நாற்பத்தாறு உருப்படி கிடந்தது. தீபாவளிக்கு இன்னும் ஐந்தே நாள். தீபாவளி நேரத்தில் ஒரு தையல்காரன் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறுகிறான் என்றால் எங்கோ எழவு விழுந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறவன் நினைப்பான். கண்டக்டரும் அதைத்தான் நினைத்தார். "எங்கண்ணே துக்கம்?" என்று டிக்கெட் கிழிக்கும்போது கேட்டார்.

துக்கம் இன்னும் இல்லை. அது வந்துவிடக் கூடாது என்றுதான் அழகேசன் போய்க்கொண்டிருந்தார். அவருடைய கூட்டாளி இராமலிங்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பச்சமலைக் காட்டுக்குள் தனியாக நடக்கப் போனவர், கடைசி பஸ்ஸிலும் வரவில்லை.

ஞாயிறு விளக்கு வைக்கிற நேரத்தில் இராமலிங்கத்தின் மனைவி ராசாத்தி கடைவாசலில் வந்து நின்றபோதுதான் விஷயமே தெரிந்தது. "என்னண்ணே, நீங்க இங்க இருக்கீங்க? அவரு எங்க?" என்றாள். எப்போதும்போல இரண்டு பேரும் சேர்ந்துதான் போயிருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் போவலியேம்மா" என்றார் அழகேசன்.

புதன்கிழமையே இராமலிங்கம் வந்து கேட்டிருந்தார். "ஞாயித்துக்கெழம போவலாமா? மலையில நல்ல மழையாம். முதத் தண்ணி வந்திருக்கும்." அழகேசன் மெஷினை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "யோவ், கறுப்புச் சட்டக்காரன் உனக்குத் தீபாவளி கெடையாது. எனக்கு உண்டுய்யா. ஒரு வாரம் நடக்கலன்னா செத்துட மாட்டோம், போ." பட்டென்று சொல்லிவிட்டார். கழுத்தளவு வேலையில் இருக்கிறவன் வாயில் அப்படித்தான் வரும். ஆனால் அந்தச் "செத்துட மாட்டோம்" இப்போது பஸ்ஸின் இரைச்சலையும் மீறி அவர் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. நாக்கை அறுத்து எறியலாம் போலிருந்தது.

இரண்டு பேருக்கும் ஒரே தெரு, நடுவில் ஒரு சுவர். அழகேசன் கோயில் கோயிலாகத் திருநீறு பூசுகிற ஆள். இராமலிங்கம் கரண்ட் ஆபீஸில் கிளார்க்; ஞாயிறானால் கறுப்புச் சட்டை; டீக்கடையில் சாமி உண்டா இல்லையா என்று யாராவது வாயைக் கொடுத்தால் அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போய்ச் சேர மாட்டான். எலியும் பூனையும் மாதிரி இருக்க வேண்டியவர்கள். இருபது வருஷப் பழக்கம் அப்படி இருக்க விடவில்லை.

நடைக்கு வந்த கதை தனி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அழகேசன் தண்ணீர்த் தாகம் தாங்காமல் டாக்டரிடம் போனார். அவர் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிக் காட்டினார். நீலம் போய்ச் செங்கல் நிறம் வந்தது. நூல்கண்டு நிறமெல்லாம் மனப்பாடமான டெய்லருக்கு அந்த நிறம் மட்டும் என்றைக்கும் பிடிக்காமல் போனது. "சர்க்கரை இருக்கு. நடக்கணும். கால்ல ஒரு புண்ணு வந்து ஆறலைன்னா காலையே எடுக்க வேண்டி வரும்" என்றார் டாக்டர். "நான் தெனம் பத்து மைலு மிதிக்கிறேனே சார்" என்றார் அழகேசன். "மெஷின் நகருதா?" என்று கேட்டார் டாக்டர்.

கால் போனால் மிதிக்கிறது எப்படி, பிழைப்பது எப்படி? அழகேசன் மூன்று நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் ஞாயிறு. விடியும் முன்பே இராமலிங்கம் சுவரைத் தட்டினார். "கெளம்பு. ரோட்டுல நடந்தா லாரிப் புழுதிதான் மிச்சம். காட்டுல நடக்கலாம்" என்று பஸ் ஏற்றி மலையடிவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அழகேசன் ஒன்றரை மைல் நடந்து, பாதி வழியில் உட்கார்ந்து, கூட்டாளியின் பரம்பரையையே திட்டினார். அடுத்ததற்கு அடுத்த ஞாயிறும் சுவர் தட்டப்பட்டது. அதற்கப்புறம் நிற்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு, காலை பஸ்ஸில் போய், நாள் முழுக்க நடந்து, பொழுது சாய வருகிற பஸ்ஸில் வீடு.

ஊர் சிரித்தது. "ரெண்டு பேரும் காட்டுல என்னத்தப் பொறுக்குறாங்க?" என்றது. அழகேசனின் மனைவி தனம், "ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சுன்னு சொல்லுவாங்க. நீங்க ஒண்ணும் மேய்க்கவும் இல்ல, பாக்கவும் இல்ல, வெறுங்கையோட வரீங்களே" என்பாள்.

வெறுங்கை என்று அவள் சொன்னாலும் அவர் வெறுமனே வரவில்லை. நாற்பத்தெட்டு வயது வரைக்கும் பருவம் என்றால் அழகேசனுக்குப் பள்ளிக்கூடத் துணி, தீபாவளித் துணி, பொங்கல் துணி, கல்யாணத் துணி, அவ்வளவுதான். மாசியில் காடே உரித்துப் போட்ட மாதிரி மொட்டையாக நிற்பதும், அந்த மொட்டையிலும் புரசமரம் மட்டும் இலையில்லாமல் சிவப்பாகப் பூப்பதும் அவருக்குத் தெரியாது. பங்குனியில் இலுப்பைப் பூ தரையெல்லாம் கொட்டி, தடம் முழுக்க இனிப்பு வாடை அடிக்கும். வைகாசியில் பாலைப்பழம். உதடு ரெண்டும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். சர்க்கரைக்காரன் என்பதால் இராமலிங்கம் எண்ணி ஐந்துதான் கொடுப்பார். ஆடிக் காற்றில் மூங்கில் புதர் உரசுகிற சத்தம் முதல் தடவை கேட்டபோது யாரோ அழுகிறார்கள் என்று அழகேசன் நின்றுவிட்டார். ஐப்பசியில் ஓடையில் முதல் தண்ணீர் வரும். மார்கழியில் பனி இறங்கி, முன்னால் போகிறவனின் முதுகு மட்டும் தெரியும். பேச்சே இருக்காது. நாள் முழுக்கப் பேசாமல் ஒருவனோடு நடந்துவிட்டு, நன்றாகப் பேசிய திருப்தியோடு வீட்டுக்கு வர முடியும் என்பதையும் அவர் அங்கேதான் தெரிந்துகொண்டார்.

இரண்டாம் வருஷம் டாக்டர் காய்ச்சிய மருந்து செங்கல் நிறத்துக்குப் போகாமல் பச்சையில் நின்றது. "நல்லா நடக்குறீங்க போல" என்றார். அன்றைக்கு அழகேசன் நேராக வந்து கூட்டாளிக்கு ஒரு கறுப்புச் சட்டை தைத்தார். கூலி வாங்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டால் இராமலிங்கம் திட்டுவார் என்பதால் சட்டையாகத் தைத்துக் கொடுத்தார்.

மலையடிவாரத்தில் புளியடிப்பட்டி என்று இருபது வீட்டு ஊர். பஸ் அதோடு சரி. ஊரைத் தாண்டினால் தடம் இரண்டாகப் பிரியும். ஒன்று மேட்டுத் தடம், கரட்டின்மேல் ஏறிப் போவது. இன்னொன்று ஓடைத் தடம். ஓடைத் தடத்தில் கூப்பிடு தூரம் போனால் ஓர் உசில மரம். அதன் அடியில் தழையாத்தா இருக்கிறாள். சிலை கிடையாது, விளக்கு கிடையாது, பூசாரி கிடையாது. காட்டுக்குள் போகிற எவரும் பக்கத்தில் இருக்கிற செடியில் ஒரு தழை ஒடித்து, "ஆத்தா, போயிட்டு வரேன்" என்று அங்கே எறிந்துவிட்டுப் போவார்கள். போய்விட்டுப் பத்திரமாக வருவதை அவள் பார்த்துக்கொள்வாள். பழைய தழை காய்ந்து சருகாகி, அதன்மேல் புதுத் தழை விழுந்து, இடுப்பு உயரக் குவியல். அவ்வளவுதான் சாமி.

முதல் நாளே அழகேசன் ஒரு தழை ஒடித்துவிட்டு, "நீயும் ஒண்ணு போடு" என்றார்.

"செடிய ஒடிச்சு இன்னொரு செடிகிட்ட போட்டா நான் பத்திரமா வருவேனா? காலைப் பாத்து நடந்தா பத்திரமா வருவேன்" என்றார் இராமலிங்கம்.

"போடாமப் போவக் கூடாதுய்யா."

"அப்ப எனக்கும் சேத்து நீ போடு. அதுல எனக்கு ஆட்சேபண இல்ல."

அன்றிலிருந்து அழகேசன் இரண்டு தழை போட்டார். அதிலும் அவர் போடுகிற விதம் தனி. மற்றவர்கள் எறிவதுபோல எறிய மாட்டார். தையல்காரக் கை சும்மா இருக்குமா? காம்பை நடுவில் ஒடித்து, தழையை இரண்டாக மடித்து, குவியலின் ஓரத்தில் வைத்து, காற்றில் போகாமல் மேலே ஒரு சப்பைக் கல்லையும் வைப்பார். ஒன்று தனக்கு, ஒன்று கூட்டாளிக்கு. "என்னய்யா, இஸ்திரி போட்டு அடுக்குற?" என்று ஐந்து வருஷமாக இராமலிங்கம் அதே கிண்டலைச் செய்துகொண்டு பக்கத்தில் நிற்பார். புளியடிப்பட்டிக்கே இந்தக் கூத்து தெரியும். கறுப்புச் சட்டை சாருக்கு டெய்லர்தான் தழை போடுகிறார் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

பஸ் புளியடிப்பட்டியில் நின்றது. இராத்திரி பெய்த மழையில் மண்ணெல்லாம் சேறு. இறங்கியதும் ஆடு மேய்க்கிற வைரக்கண்ணு எதிரில் வந்தார். நேற்று மாலை பஸ்ஸில் கறுப்புச் சட்டை சார் ஏறவில்லை என்று அந்த பஸ் கண்டக்டர் சொன்னதிலிருந்து அவருக்கும் மனசு சரியில்லை. விடிந்ததும் ஓடைத் தடத்தில் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"காலடி தெரியுதா?" என்றார் அழகேசன்.

"மழையில என்னங்க தெரியும். தழையாத்தாகிட்ட போயி, தள்ளி நின்னு பாத்தேன். ஒரே ஒரு பச்சத் தழ கெடக்கு. அது நம்ம ஆண்டாயி போட்டதா இருக்கும், வெறகுக்குப் போயிருக்கும். சாரு போட்டதா இருக்காது. அவருதான் போட மாட்டாரே."

"ஆமா, அவன் போட மாட்டான்" என்றார் அழகேசன். ஓடையிலும் தண்ணீர் ஏறிக் கிடக்கிறது. புத்தியுள்ளவன் அந்தப் பக்கம் போவானா? ஆகவே மேட்டுத் தடம்தான் என்று இரண்டு பேரும் முடிவு கட்டினார்கள். இந்தப் பேச்சுக்கு அப்புறம் வந்து சேர்ந்த ஆண்டாயியின் புருஷன் அரியமுத்துவும் அரிவாளோடு கூட வந்தார்.

சாமி கும்பிடாதவன் தழை போட மாட்டான் என்று இருபது வருஷக் கூட்டாளியே சாட்சி சொன்ன பிறகு, வேறு யார் என்ன சொல்ல முடியும்? அந்தச் சாட்சியால் அரை நாள் போனது. கரட்டின்மேல் ஏறி, வழக்கமாகச் சோறு தின்கிற பாறை வரைக்கும், அதற்கும் அப்பால் மூங்கில் புதர் வரைக்கும் மூன்று பேரும் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். "ராமலிங்கோம்... ராமலிங்கோம்..." மலை அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னதே தவிர ஆள் பதில் சொல்லவில்லை. அழகேசனுக்கு நாக்கு வறண்டது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார். இடுப்பில் முடிந்திருந்த பொட்டுக்கடலையை வைரக்கண்ணு கொடுத்தார். "ஆத்தா, என் சர்க்கரைய வேணும்னா ஏத்திவிடு, கால வேணும்னா எடுத்துக்க, அவனக் காட்டிக் குடு" என்று வாய்விட்டே சொன்னார் அழகேசன். மற்ற இரண்டு பேரும் கேட்காதது மாதிரி நடந்தார்கள்.

உச்சி தாண்டியதும் மேற்கே வானம் கறுத்தது. இன்னொரு மழை வருகிறது. வேறு வழியில்லாமல் கீழே இறங்கினார்கள். ஊர் முகப்பில் ஆண்டாயி புருஷனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, நேத்து வெறகுக்குப் போனப்ப சாரப் பாத்தியா?" என்றார் வைரக்கண்ணு.

"நான் எங்க நேத்து காட்டுக்குப் போனேன்? அடிச்ச மழையில வூட்ட விட்டே எறங்கல. நம்மூருல ஒருத்தரும் போவல" என்றாள் ஆண்டாயி.

அப்படியென்றால் அந்தத் தழை யாருடையது? அழகேசன் ஓடைத் தடத்தில் ஓடினார். ஐம்பத்து மூன்று வயதில், வெறும் வயிற்றோடு, சேற்றில் வழுக்கி எழுந்து ஓடினார்.

உசில மரத்தடியில் குவியல் நனைந்து கிடந்தது. ஓரத்தில் அந்தத் தழை. அது எறிந்த தழை இல்லை. காம்பு நடுவில் ஒடிந்து, இரண்டாக மடிந்து, மேலே ஒரு சப்பைக் கல். மடிப்பு கோணலாக இருந்தது. கல் கொஞ்சம் பெரிது. ஆனால் அது அழகேசன் வைக்கிற தழை. அழகேசன் வராத நாளில் அழகேசன் வைத்த தழை.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஐந்து வருஷம் பக்கத்தில் நின்று கிண்டல் செய்தவன், தனியாக வந்த அன்றைக்கு இங்கே நின்றிருக்கிறான். வராத கூட்டாளியின் பங்கு விட்டுப்போகக் கூடாது என்று ஒரு தழை ஒடித்து, பார்த்துப் பழகிய மாதிரியே மடித்து, கல்லும் வைத்திருக்கிறான். தனக்கு என்று ஒன்று போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஒரு பக்கம் மட்டும் காலியாகக் கிடந்தது.

அழகேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு தழை ஒடித்தார். மடித்தார். காலியாக இருந்த இடத்தில் வைத்து, கல் தேடி மேலே வைத்தார். கல் இரண்டு தடவை உருண்டது. "இது அவனுக்கு ஆத்தா. நேத்தே போட வேண்டியது" என்றார். அதற்குள் வைரக்கண்ணுவும் அரியமுத்துவும் வந்துவிட்டார்கள். "இந்தத் தடந்தான்" என்றார் அழகேசன்.

ஓடை இரைந்து ஓடியது. கூப்பிட்ட குரல் பத்தடிக்கு மேல் போகவில்லை. தண்ணீருக்குப் பயந்து கரையின் மேலாகவே முள்ளைத் தள்ளிக்கொண்டு முக்கால் மைல் போனார்கள். முதலில் அதைக் கேட்டது அழகேசன்தான். டங், டங் என்று ஒரு சத்தம். நிற்கும். மறுபடி டங், டங். தகரத்தில் கல்லால் தட்டுகிற சத்தம். அந்தச் சத்தத்தை அவர் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வார். பாறையில் உட்கார்ந்ததும் மூடி கழற்ற முடியாமல் இராமலிங்கம் ஒவ்வொரு தடவையும் தட்டுகிற சாப்பாட்டு டப்பா.

இரண்டு பெரிய பாறைக்கு இடையில், குடைந்த மாதிரி இருந்த ஒரு பொந்தில் இராமலிங்கம் சாய்ந்து கிடந்தார். கறுப்புச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்தது. உதடு நீலம். தொண்டை கட்டிப்போய் சத்தம் வரவில்லை. பொந்தின் வாசலுக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அழகேசன் இறங்கிப் போய்க் கூட்டாளியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். இராமலிங்கம் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். பிறகு அவர் கழுத்தைப் பார்த்தார். இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் போட்டது, கழற்ற மறந்து, பஸ் ஏறி, மலை ஏறி, இறங்கி, அது அப்படியே கழுத்தில் கிடந்தது.

"என்னய்யா," என்றார் இராமலிங்கம், காற்று மாதிரி ஒரு குரலில், "கோடித் துணிக்கு அளவெடுக்க வந்தியா?"

"வாய மூடுய்யா, பாவி" என்றார் அழகேசன். அழுகையிலேயே சிரிப்பும் வந்துவிட்டது.

அரியமுத்து மூங்கிலைப் பிளந்து கொடுத்தார். காலுக்கு இரண்டு பக்கமும் அதை வைத்து, அந்த இஞ்ச் டேப்பாலேயே சுற்றிக் கட்டினார் அழகேசன். பதினைந்து வருஷமாகப் பெரம்பலூர்க்காரர்களின் இடுப்பையும் தோளையும் அளந்த டேப். வைரக்கண்ணுவின் வேட்டியையும் துண்டையும் கம்பில் தூளியாகக் கட்டி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துத் தூக்கி வந்தார்கள். கோவணத்தோடு முன்னால் நடந்த வைரக்கண்ணு, "நம்ம வேட்டி இன்னிக்குத்தான் ஒரு நல்ல காரியத்துக்கு ஆச்சு" என்றார். தழையாத்தாவைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஊர் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஓடை கரை புரண்டது. அந்தப் பாறைப் பொந்து தண்ணீருக்குள் போய்விட்டது என்று மறுநாள் வைரக்கண்ணு போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார். ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திருச்சியில் ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ராசாத்தி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழகேசனுக்குக் கடை ஞாபகமே வந்தது புதன்கிழமைதான். பதறிக்கொண்டு ஊருக்கு வந்தால், கடை திறந்திருந்தது. எதிர்க்கடை டெய்லர் அமாவாசை, ஒரு வாடிக்கையாளர் சண்டையில் மூன்று வருஷமாக முகத்தைக் கூடப் பார்க்காத மனிதர், தனத்திடம் சாவி வாங்கித் திறந்து, பாதி உருப்படியைத் தைத்து முடித்துவிட்டார். தனம் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "என்ன அப்படிப் பாக்குறீங்க? உங்க கழுத்து வெட்டு எனக்குப் பிடிக்காது, ஆனா நீங்க வெட்டின துணிய நான் கெடுக்கல" என்றார் அமாவாசை. தீபாவளியன்று பெரம்பலூரில் புதுத்துணி இல்லாமல் யாரும் நிற்கவில்லை. அழகேசனைத் தவிர. அவர் பழைய வேட்டியோடு திருச்சி பஸ்ஸில் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் இராமலிங்கத்துக்குக் குரல் திரும்பியிருந்தது. தலைமாட்டில் ஒரு துணிப்பை. அதற்குள் வாடிப்போன சிறுகுறிஞ்சான் இலை. சர்க்கரைக்கு நல்லது என்று வைரக்கண்ணு காட்டிக் கொடுத்தது; ஒவ்வொரு நடையிலும் பதினைந்து நாளுக்கு வேண்டியதை அழகேசன் பறித்துக்கொள்வார். "உனக்குத்தான். பாறைக்கு மேல நல்ல தளிரா இருந்துது. கொடிய இழுத்தேன், அது என்னை இழுத்துடுச்சு" என்றார் இராமலிங்கம்.

நடக்கப் போகாதவனுக்கு இலை பறிக்கப் போய்த்தான் விழுந்திருக்கிறான். கேட்க வேண்டும் என்று ஐந்து நாளாக வைத்திருந்ததை அழகேசன் அப்போதுதான் கேட்டார். "தழ போட்டியே, ஏன்?"

"நீ மெஷின்ல உக்காந்துகிட்டு, இந்த ஞாயித்துக்கெழம ஆத்தாவுக்குப் போடலியேன்னு நெனச்சுக்கிட்டே இருப்பியே. அதான் போட்டேன். வந்து சொல்லலாம்னு."

"சரி. உன் பங்க ஏன்யா போடல?"

இராமலிங்கம் அவரை விசித்திரமாகப் பார்த்தார். "அத எப்பவும் நீதான போடுவ?" என்றார்.

அழகேசன் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். ராசாத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அன்னிக்கும் போட்ட இல்ல?" என்று கேட்டார் இராமலிங்கம்.

"போட்டேன். மத்தியானந்தான் போட்டேன்."

"லேட்டாப் போட்டுட்ட. அதான் காலோட போச்சு" என்றார் கறுப்புச் சட்டைக்காரர். சொல்லிவிட்டு அழகேசனின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைப் பஸ்ஸுக்கு நேரமாகிற வரைக்கும் விடவில்லை.

மாவுக்கட்டுப் பிரித்து, கோல் ஊன்றி, தெருமுனை வரைக்கும், பிறகு கடைத்தெரு வரைக்கும் நடந்து பழகப் பங்குனி ஆகிவிட்டது. இந்தத் தடவை சுவரைத் தட்டியது அழகேசன். "கெளம்பு. ஒன்றரை மைலுதான். பாதியில உக்காந்து என் பரம்பரையத் திட்டிக்க" என்றார்.

ஓடை வற்றிக் கூழாங்கல்லாகக் கிடந்தது. தடமெல்லாம் இலுப்பைப் பூ. காலுக்கடியில் நசுங்கி அந்த இனிப்பு வாடை எழுந்தது. உசில மரத்தடியில் அழகேசன் ஒரு தழை ஒடித்து, மடித்து, வைத்து, கல்லை வைத்தார். "இது உனக்கு" என்றார். தனக்கான இரண்டாவதை ஒடிக்கக் கையை நீட்டியபோது, இராமலிங்கம் கோலால் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

கோலை மரத்தில் சாய்த்து வைத்தார். ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்று, எட்டி ஒரு தழை ஒடித்தார். கோணலாக மடித்தார். குனிய முடியவில்லை. அழகேசன் தோளைக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டே இறங்கி, தழையை முதல் தழைக்குப் பக்கத்தில் வைத்து, தேடிப் பிடித்து ஒரு கல்லையும் வைத்தார்.

"உன் பங்கு இனிமே என் வேலை. நீ அதுல கை வைக்காத" என்றார்.

"சாமி இல்லேன்னு சொல்லுவியே?"

"இல்லதான். நீ இருக்கியே" என்றார் இராமலிங்கம். "தூக்கி விடு, முட்டி வலிக்குது."

அழகேசன் தூக்கிவிட்டார். கோலை எடுத்துக் கொடுத்தார். "ஆத்தா, போயிட்டு வரோம்" என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, கூட்டாளியின் நடைக்குத் தக்கபடி மெதுவாக நடக்க ஆரம்பித்தார்.